நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முதல் முறை இறங்கப் போகிறீர்களா? சென்னையில் இருந்து கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிண்டியில் மைனிங் படித்துவிட்டு ட்ரெய்னியாகப் போகிறவர், அம்பத்தூரிலோ எண்ணூரிலோ ஃபிட்டராக, எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு கான்ட்ராக்டர் மூலம் தெலங்கானாவின் சிங்கரேணிக்கோ ஜார்க்கண்டின் தன்பாத்துக்கோ போகிறவர், மெட்ரோ சுரங்கத்தில் வேலை பார்த்த தைரியத்தில் போகிறவர், இந்த மூன்று பேருக்காகவும்தான் எழுதுகிறேன். நம் ஊரில் இதைச் சொல்லித்தர ஆள் குறைவு. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, அதுவும் திறந்தவெளிச் சுரங்கம். வீட்டில் அப்பாவோ மாமாவோ நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் என்று சொல்லக்கூடிய குடும்பம் சென்னையில் தேடினால்தான் கிடைக்கும். நிலக்கரி ஊர்களான ராமகுண்டத்திலும் ஜாரியாவிலும் பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வதை நாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மெட்ரோவில் வேலை பார்த்தவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே இயந்திரம் துளைத்துக்கொண்டே போக, பின்னாலேயே கான்கிரீட் வளையம் வந்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்தில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது பாறைதான், நாம் கொடுத்த தாங்கல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு நிலக்கரியே வாயுவை விடும், தானாகவே சூடாகும், அதன் தூள் வெடிக்கும். மெட்ரோ அனுபவத்தை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது.

நான் இந்தத் துறையில் இருந்தவரை பார்த்ததும், விசாரணை அறிக்கைகளில் படித்ததும் ஒன்றுதான் சொல்கின்றன. பெரும்பாலான விபத்துக்கு முன்னால் ஏதோ ஒரு அறிகுறி இருந்திருக்கும், அதை யாரோ ஒருவர் பார்த்தும் இருப்பார். வேலை நின்றுவிடுமே என்று அவர் சொல்லாமல் விட்டிருப்பார், அல்லது சொல்லியும் மேலே இருப்பவர் கேட்டிருக்க மாட்டார். அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ரயில் ஏறும் முன்

18 வயது நிறையாதவரைச் சுரங்க வேலைக்கு எடுக்கக் கூடாது. வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம், அதில் மார்பு எக்ஸ்ரே உண்டு. அப்புறம் 1966-ஆம் ஆண்டு விதிகளின்படி தொழிற்பயிற்சி. இதை எல்லோரும் விடி ட்ரெய்னிங் என்பார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது உண்டு. "ரெண்டு நாள் சும்மா உட்கார வைப்பாங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த ஏஜென்டை நம்பாதீர்கள். அந்தப் பயிற்சியில்தான், புகையும் விஷவாயுவும் சூழ்ந்தால் மூச்சுவிட உதவும் செல்ஃப் ரெஸ்க்யூயர் கருவியைக் கையில் கொடுத்து மாட்டிப் பழக வைப்பார்கள். நீங்களே கேட்டு ஒருமுறைக்கு நான்கு முறை மாட்டிப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டும் மாட்டிப் பாருங்கள்.

மொழியையும் இப்போதே கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். தெலுங்குக்காரர் "ஆகு" என்று கத்தினால் நில், "பைன சூடு" என்றால் மேலே பார். இந்தியில் "ருக்கோ" நில், "பாகோ" ஓடு. ஆபத்து நேரத்தில் யாரும் உங்களுக்காகத் தமிழில் கத்தப் போவதில்லை.

இரண்டாம் படி: சுரங்க வாயிலில்

பீடி, தீப்பெட்டி, லைட்டர், செல்போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. வாயிலில் சோதனை செய்வார்கள். சோதிப்பவர் தெரிந்தவர் என்பதால் தடவிப் பார்க்காமல் விட்டாலும், நீங்களே பையைத் திருப்பிக் காட்டுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், கேப் லேம்ப், இடுப்பில் செல்ஃப் ரெஸ்க்யூயர், இது நான்கும் இல்லாமல் ஒரு அடி கீழே வைக்கக் கூடாது. லேம்ப் ஷிப்ட் முழுக்க எரியுமா என்று லேம்ப் ரூமிலேயே பாருங்கள், மங்கலாக இருந்தால் மாற்றிக் கேளுங்கள். வருகைப் பதிவில் உங்கள் பெயர் ஏறியதா என்பதையும் பாருங்கள். உள்ளே ஏதாவது நடந்தால், எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது அந்தப் பதிவில் இருந்துதான் தெரியும்.

கழுத்தில் துண்டு போட்டுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. கன்வேயர் பெல்ட் இருக்கும் இடத்தில் அது உயிரை எடுக்கும். துண்டை மேலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: முதல் நாளிலேயே காற்றையும் வழியையும் கற்றுக்கொள்ளுங்கள்

சுரங்கத்துக்குள் நல்ல காற்று போகும் வழி இன்டேக், அழுக்குக் காற்று வெளியேறும் வழி ரிட்டர்ன். வெளியே போக இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வேலையை மேற்பார்க்கும் சர்தாரிடமோ அவருக்கு மேலே இருக்கும் ஓவர்மேனிடமோ கேட்டு இரண்டிலும் ஒருமுறையாவது நடந்து பாருங்கள். இன்டேக்கில் காற்று உங்கள் முகத்தில் அடித்தால் நீங்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிறீர்கள், முதுகில் அடித்தால் உள்ளே போகிறீர்கள். ரிட்டர்னில் இது தலைகீழ். லேம்ப் அணைந்து புகை சூழ்ந்தால் தண்டவாளமோ பைப்போ பெல்ட்டோதான் கைப்பிடி. அது எந்தப் பக்கம் போகிறது என்று அன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டிலேஷன் டோர் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். ஒன்றை மூடிய பிறகுதான் இன்னொன்றைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருந்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், உள்ளே நிலக்கரி வெட்டும் ஃபேஸில் இருப்பவருக்குக் காற்று வராது. காற்றைத் திருப்பிவிடத் தொங்கவிட்டிருக்கும் பிராட்டிஸ் துணியை விரித்து உட்காருவதும் அப்படித்தான். ஒரு பகுதியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 6 கன மீட்டர் அல்லது அன்றாட உற்பத்தியில் டன்னுக்கு 2.5 கன மீட்டர், இதில் எது அதிகமோ அந்த அளவு காற்று வர வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வியர்வை காயாத புழுக்கம் சென்னைக்காரருக்குப் புதிதல்ல, ஆனால் அதனாலேயே தாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது, 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30.5-ஐத் தாண்டினாலே காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். தலை சுற்றினால் உடனே சொல்லிவிட்டு இன்டேக் பக்கம் வந்துவிடுங்கள்.

நான்காம் படி: மேலே பார்

வெடிப்பும் வெள்ளமும்தான் செய்தித்தாளில் வரும். ஆனால் இந்திய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டிருப்பது கூரைச் சரிவு, அங்கே எல்லோரும் ரூஃப் ஃபால் என்பார்கள். ஒருவர், இருவர் என்று போவதால் பெரிய செய்தியாவதில்லை.

மீற முடியாத விதி ஒன்றுதான்: தாங்கல் கொடுக்காத கூரைக்குக் கீழே போகாதீர்கள். கூரையில் அடித்த கடைசி வரிசை போல்ட்டையோ முட்டுக்கொடுத்த ப்ராப்பையோ தாண்டி ஒரு அடி கூட, ஒரு நிமிடம் கூட. விழுந்த சுத்தியலை எடுக்கக்கூடப் போகக் கூடாது. புதிதாக வெட்டி வெளிப்பட்ட கூரையை கிரீன் ரூஃப் என்பார்கள், அதுதான் அதிகம் ஏமாற்றும்.

தட்டிப் பார்க்கப் பழகுங்கள். பானை வாங்கும்போது விரலால் தட்டி விரிசலைக் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். கம்பியால் கூரையைத் தட்டினால் கணீரென்று வந்தால் திடம், உள்ளே காலியான மாதிரி மந்தமாக வந்தால் மேலே பாறை பிரிந்திருக்கிறது. ஒரு கையால் தட்டி இன்னொரு கை விரலைக் கூரையில் வைத்தால் அதிர்வும் தெரியும். அப்படித் தளர்ந்ததைத் தட்டி விழவைக்கும் வேலையை அனுபவம் உள்ளவர் செய்வார். தாங்கலுக்குக் கீழே நின்றுகொண்டு, நீளமான கடப்பாறையால், பின்வாங்கும் வழியில் கல்லோ கேபிளோ இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அவருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

கூரை அசையப் போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. சின்னச் சின்னச் சில்லுகள் உதிர ஆரம்பிக்கும். மேலே துப்பாக்கி சுட்டது போல் ஒலி கேட்கும். ஏற்கெனவே இருந்த விரிசல் அகலமாகும். மரத் தாங்கல் முறியும் முன் முனகும், நார் நாராகப் பிரியும், இரும்பு அந்த அளவுக்கு எச்சரிக்காது. கூரையில் டெல்டேல் என்ற சின்னக் கருவி தொங்கும், அதில் வண்ணப் பட்டைகள் இருக்கும். எந்த வண்ணம் மறைந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். ஆனால் எச்சரிக்கையே தராத ஒன்றும் உண்டு. புதைந்து கல்லான பழைய மரத்தின் அடிப்பகுதி கூரையில் வட்டமாக, விளிம்பு வழுவழுப்பாகத் தெரியும். கூம்பு வடிவத்தில் இருப்பதால் அது சட்டென்று கழன்று விழும். கூரையில் வட்டமான கோடு தெரிந்தால் அடியில் நிற்காமல் சர்தாரைக் கூப்பிடுங்கள்.

கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்களையே எடுக்கும் டிப்பில்லரிங் பகுதியில் வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. நிலக்கரியை எடுத்துவிட்டுச் சரியவிட்ட வெற்றிடத்துக்கு கோஃப் என்று பெயர். பெரிய பரப்பு சரியாமல் தொங்கிக்கொண்டிருந்து ஒரேயடியாக இறங்கினால் உள்ளே இருந்த காற்று புயலாக வெளியே பாயும், ஆட்களைத் தூக்கி எறியும். கோஃபில் தொடர்ந்து இடி போல் கேட்டால் எண்ணிக்கொண்டு நிற்காமல் வெளியே வாருங்கள். பக்கச் சுவரும் சரியும். உட்கார்ந்து சாப்பிட, சாய்ந்து ஓய்வெடுக்க அந்தச் சுவர் ஏற்ற இடம் அல்ல.

ஐந்தாம் படி: கண்ணுக்குத் தெரியாதது

மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டி நிற்கும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும், 9.5-க்குப் பக்கத்தில்தான் வெடிப்பு மிகக் கடுமை. அதனால்தான் சட்டம் வெகு முன்னாலேயே கோடு போடுகிறது: ரிட்டர்ன் காற்றில் 0.75 சதவீதத்துக்கு மேல் கூடாது, எந்த இடத்திலும் 1.25-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் மின்சாரத்தைத் துண்டித்து ஆட்களை வெளியே எடுக்க வேண்டும். வாயு மீட்டரை இடுப்பளவில் பிடித்துப் பூஜ்யம் காட்டுகிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள், கூரைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பார்க்க வேண்டும். "இது முதல் டிகிரி மைன், கேஸ் கிடையாது" என்ற பேச்சும் உங்கள் காதில் விழும். முதல் டிகிரி என்றால் குறைவு என்று பொருள், இல்லவே இல்லை என்று பொருள் அல்ல.

எலக்ட்ரீஷியன்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உள்ளே இருக்கும் சுவிட்ச் பெட்டிகள் ஃப்ளேம்ப்ரூஃப், அதாவது உள்ளே பொறி வந்தாலும் சுடர் வெளியே வராதபடி செய்தவை. ஒரு போல்ட் இல்லாமல் மூடினாலே அந்தப் பாதுகாப்பு போய்விடும். அம்பத்தூர் பட்டறையில் நான்குக்கு மூன்று போல்ட் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், இங்கே அந்த ஒரு போல்ட் மொத்த ஷிப்டின் உயிர்.

மீத்தேன் வெடித்தால் அது தரையிலும் சுவரிலும் படிந்த நிலக்கரித் தூளைக் கிளப்பும், பிறகு அந்தத் தூளே வெடித்துக்கொண்டு சுரங்கம் முழுக்க ஓடும். பிரான்சின் கூரியேரில் 1906-இல் 1,099 பேர் இறந்தது தூள் வெடிப்பில்தான். நம் நாட்டில் 1965-இல் தோரி சுரங்கத்தில் வெடிப்பு 268 பேரைக் கொண்டுபோனது. 2006-இல் பாட்டீ சுரங்கத்தில் 50 பேர். இதைத் தடுக்கத்தான் சுண்ணாம்புக்கல் தூளைத் தூவுகிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சுரங்கச் சாலை கறுத்துக் கிடந்தால் தூவி நாளாகிவிட்டது என்று அர்த்தம். கேளுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு கனமானது, தாழ்வான இடத்திலும் காற்றோட்டம் இல்லாத பழைய கேலரியிலும், அதாவது சுரங்கப் பாதையிலும், தேங்கும். வேலி கட்டிய இடத்துக்குள் சிறுநீர் கழிக்கக்கூடப் போகாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பதற்காக வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது.

ஆறாம் படி: நெருப்பும் செல்ஃப் ரெஸ்க்யூயரும்

நிலக்கரி காற்று பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஜாரியாவில் 1916-இல் கண்ட தீ இன்னும் முழுதாக அணையவில்லை. சுவரில் வழக்கத்துக்கு மாறான வியர்ப்பு, லேசான ஆவி, பெட்ரோலோ தாரோ போன்ற வாடை, இவைதான் ஆரம்பம். அப்போது சொன்னால் அந்தப் பகுதியை அடைத்துக் கட்டிவிடலாம்.

நெருப்பில் கருகி இறப்பவரைவிட கார்பன் மோனாக்சைடில் இறப்பவரே அதிகம். 1994 ஜனவரியில் நியூ கெண்டாவில் தீப்பிடித்து 55 பேர் இறந்தார்கள். அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். வாடை கிடையாது. காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்குதான் அனுமதி.

ஆகவே புகையைப் பார்த்ததும், அல்லது வெடிப்பு அதிர்ச்சியை உணர்ந்ததும், "கொஞ்சம் பார்ப்போம்" என்று நிற்காமல் செல்ஃப் ரெஸ்க்யூயரை மாட்டுங்கள். வாய்க்குள் கடிகுழலை வைத்து மூக்கை கிளிப்பால் அடைக்க வேண்டும். ஃபில்டர் வகையில் கார்பன் மோனாக்சைடு மாறும்போது சூடு உண்டாகும், உள்ளே இழுக்கும் காற்று வாயைச் சுடும். கருவி வேலை செய்வதால்தான் சுடுகிறது! சுடுகிறதே, பழுதோ என்று கழற்றினால் அடுத்த சில மூச்சுகளில் விழுந்துவிடுவீர்கள். பேசுவதற்காகவும் கழற்றாதீர்கள், கையாலோ லேம்பாலோ சைகை காட்டுங்கள். ஃபில்டர் வகை ஆக்சிஜன் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆக்சிஜனைத் தானே உண்டாக்கும் வகையும் உண்டு. உங்கள் இடுப்பில் இருப்பது எந்த வகை, எத்தனை நிமிடம் தாங்கும் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஏழாம் படி: தண்ணீர்

இந்தியச் சுரங்க வரலாற்றின் மிகப் பெரிய சாவு தண்ணீரால் வந்தது. 1975 டிசம்பர் 27, சாஸ்நாலா, 375 பேர். 1995 செப்டம்பரில் கத்ரி ஆறு கரை மீறி கஸ்லிதாண்டுக்குள் இறங்கி 64 பேர். 2001 பிப்ரவரியில் பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 29 பேர். நம் ஆட்கள் அதிகம் போகும் சிங்கரேணியிலேயே, கோதாவரிகனியில் 2003 ஜூன் 16 அன்று 17 பேர்.

நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே ஜூன் முதல் செப்டம்பர். சென்னை வெயிலில் இருந்து ஜூனில் போய் இறங்குகிறவருக்கு அது ஆபத்தான பருவம் என்றே தோன்றாது. ஆனால் பாக்டிகி பிப்ரவரியில் நடந்தது, சாஸ்நாலா டிசம்பரில். பழைய வேலையிடங்களில் தேங்கிய நீருக்கு மழைக்காலக் கணக்கு கிடையாது. கைவிட்ட வேலையிடத்துக்கு 60 மீட்டருக்குள் நெருங்க வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும், முன்னால் துளையிட்டுச் சோதித்துக்கொண்டே போக வேண்டும். உங்கள் ஃபேஸ் பழைய வேலையிடத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காய்ந்திருந்த நிலக்கரி வியர்ப்பது, துளையில் இருந்து அழுத்தத்தோடு நீர் பீய்ச்சுவது, தேங்கிய நீரின் நாற்றம், திடீரென்று கலங்கலாக வருவது, இவற்றில் ஒன்று கண்டாலும் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியேறுங்கள். நீர் தாழ்வைத் தேடி வரும், நீங்கள் மேட்டுப் பக்கம் போக வேண்டும். மாட்டிக்கொண்டால் உயரமான இடத்தில் ஒன்றாக இருங்கள், லேம்ப்களை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். 1989 நவம்பரில் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தில் நீர் புகுந்து 6 பேர் இறந்தார்கள், ஆனால் உயரமான பகுதியில் தங்கிய 65 பேரை மேலிருந்து துளையிட்டு இரும்புக் கூண்டு இறக்கி ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் தானே அந்தக் கூண்டில் இறங்கினார். சேர்ந்து இருந்தவர்களைக் கண்டுபிடிக்க முடிகிறது.

எட்டாம் படி: ஓடுகிறவை

வண்டிகளை இழுக்கும் ஹாலேஜ் கயிறு ஓடும்போது அந்தச் சாலையில் நடக்காதீர்கள், நிலக்கரி வண்டியான டப்பில் ஏறிப் போகாதீர்கள். கயிறு அறுந்தால் டப் சரிவில் தறிகெட்டு வரும். பக்கச் சுவரில் ஒதுங்கிக்கொள்ளக் குழிகள் வெட்டியிருப்பார்கள், அவை பொருட்கள் அடைக்காமல் காலியாக இருக்கட்டும். நிலக்கரி அள்ளும் லோடரை ஓட்டுபவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள், உங்கள் விளக்கை அவர் முகத்துக்கு நேரே ஆட்டி அவர் நிறுத்திய பிறகே கடக்கலாம். பெல்ட்டைத் தாண்டிக் குதிக்காதீர்கள், பாலம் போட்ட இடத்தில் மட்டும் கடந்து போங்கள், இழுத்து நிறுத்தும் கயிறு எங்கே என்று பாருங்கள். வெடி வைத்தால் ஷாட்ஃபயரர் சொல்லும் இடத்தில் நில்லுங்கள், வெடிக்காமல் போன துளையை நோண்டாதீர்கள்.

ஒன்பதாம் படி: பக்கத்தில் ஒருவர் விழுந்தால்

இதைச் சென்னைக்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. பாதாளச் சாக்கடையில் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் அவருக்குப் பின் இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். சுரங்கத்திலும் அதே வாயுக்கள்தான், அதே பாசம்தான் ஆளைக் கொல்கிறது. காரணமே தெரியாமல் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் உங்கள் செல்ஃப் ரெஸ்க்யூயர், அடுத்து சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுவது, டெலிபோனுக்கு ஆள் அனுப்புவது. மூச்சுக் கருவி உள்ள பயிற்சி பெற்ற மீட்புக் குழு வரும்வரை வாயு உள்ள இடத்துக்குள் போகாதீர்கள். சொல்வது எளிது, அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பத்தாம் படி: வேலையை நிறுத்தச் சொல்வது

புதிய ஆள், வேற்று மொழி, கான்ட்ராக்ட் வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால் வாய் திறக்கவே தயக்கமாக இருக்கும். அதனால் சண்டையாகச் சொல்லாமல் தகவலாகச் சொல்லுங்கள்: "அண்ணா, மூணாவது போல்ட் பக்கத்துல புது விரிசல் இருக்கு, வந்து பாருங்க." இடத்தையும் பார்த்ததையும் சொன்னால் சர்தார் தட்டிக்கழிக்க முடியாது, வந்து பார்ப்பது அவருடைய சட்டப்படியான கடமை. அவர் கேட்காவிட்டால் ஓவர்மேன், அதற்கும் மேலே மேனேஜர், சேஃப்டி கமிட்டி, தொழிலாளர்கள் தரப்பில் ஆய்வு செய்யும் வொர்க்மென் இன்ஸ்பெக்டர். இவர்கள் எல்லோருக்கும் மேலே தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது. சின்னக் காயத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள், "வெளியே விழுந்தேன்னு சொல்லிடு" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கடைசியாக: சென்னையில் இருக்கும் வீட்டுக்கு

பணி ஆணை, தொழிற்பயிற்சிச் சான்று, கான்ட்ராக்டரின் பெயர், சுரங்கத்தின் பெயர், முதல் எக்ஸ்ரே ஆகியவற்றின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். பதிவேட்டில் பெயரே இல்லாதவருக்காக இழப்பீடு கேட்டு அலைவது பெரும் பாடு. ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

தூசி நுரையீரலில் படிவது உடனே தெரியாது, வேலையை விட்டு ஊருக்கு வந்த பல ஆண்டுகள் கழித்துக்கூட மூச்சு வாங்கும். இருமலும் எக்ஸ்ரேயில் நிழலும் பார்த்தால் நம் ஊரில் முதலில் காசநோய் என்றே சந்தேகப்படுவார்கள், ஏனென்றால் இங்கே சுரங்க நுரையீரலைப் பார்த்த மருத்துவர்கள் குறைவு. தாம்பரம் சானடோரியத்துக்குப் போனாலும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாலும், எந்தச் சுரங்கத்தில், எந்த வேலையில், எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், அந்தப் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப் போங்கள்.